வீட்டு வழங்கி: ஒரு வீடு போதாது

பத்திரிகைத் துறையில் இருபது, முப்பது வருடங்களைக் கழித்தவர்களிடம் இன்று ஒரே விதமான சொத்து ஒன்று உண்டு. வங்கிப் பெட்டகத்தில் வைக்க முடியாத சொத்து அது. பழைய மடிக்கணனி ஒன்று, இரண்டு மூன்று வெளி வன்தட்டுகள், மேசை லாச்சிக்குள் ஒரு கட்டு இறுவட்டுகள், கடவுச்சொல் மறந்துபோன மின்னஞ்சல் கணக்கு ஒன்று. அவற்றுக்குள் செவ்விகள் இருக்கின்றன. மேடைப் பேச்சுக்களின் ஒலிப்பதிவுகள், போர்க்காலப் படங்கள், அச்சேறாமற் போன கட்டுரைகள், இன்று உயிரோடில்லாத மனிதர்களின் குரல்கள் இருக்கின்றன. இவற்றையெல்லாம் எங்கே வைப்பது என்று என் வயதொத்த நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். கேட்பவர்களிற் சிலர் கொழும்பில் இருக்கிறார்கள்; சிலர் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிஸிலும் இருக்கிறார்கள்.

என்னுடைய பதில் இரண்டு பகுதிகளைக் கொண்டது. முதலாவது, வீட்டிலேயே ஒரு சிறிய வழங்கியை வைத்துக்கொண்டு, உலாவி வழியாகத் திறக்கக்கூடிய கோப்பு மேலாளர் ஒன்றை அதில் நிறுவிக்கொள்ளுங்கள். இரண்டாவது, அந்த வேலை முடிந்ததும் ஆவணங்கள் பாதுகாக்கப்பட்டுவிட்டன என்று எண்ணிவிடாதீர்கள். ஒரே வீட்டில் ஒரே பிரதி என்ற ஏற்பாட்டை நம்பியிருக்கும் வசதி இலங்கைத் தமிழர்களாகிய எங்களுக்கு ஒருபோதும் வாய்த்ததில்லை. முதற் பகுதியைச் சொல்லித்தர ஆட்கள் நிறையவே இருக்கிறார்கள். இரண்டாவது பகுதியைத்தான் நாம் பேசாமல் விட்டுவிடுகிறோம்.

வழங்கி என்ற சொல் என்னைப் போன்ற கலைப்பட்டதாரிகளை மிரட்டிவிடுகிறது. உண்மையில் அது இரவும் பகலும் விழித்திருக்கும் ஒரு கணனி, அவ்வளவுதான். பிள்ளைகள் கைவிட்ட மடிக்கணனி ஒன்றே அதற்குப் போதும். அதில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி, ஒரு வன்தட்டை இணைத்து, கோப்பு மேலாளர் மென்பொருளை ஓடவிட்டால், வீட்டிலுள்ள எந்தக் கணனியிலிருந்தும் எந்தக் கைத்தொலைபேசியிலிருந்தும் உலாவியில் ஒரு முகவரியைத் தட்டி உங்கள் கோப்புறைகளைப் பார்க்கலாம். படங்களையும் பிடிஎப் கோப்புகளையும் அங்கேயே திறக்கலாம், ஒலிப்பதிவுகளைக் கேட்கலாம். பார்ப்பவர் தம் கருவியில் எதையும் நிறுவத் தேவையில்லை. எழுபது வயதுத் தாயாராலும் பதினைந்து வயதுப் பேரனாலும் பயன்படுத்த முடிகிறது என்பதே இதன் முதற் சிறப்பு.

இந்த வகை மென்பொருட்கள் பல இருக்கின்றன. 2016 இல் பிறந்த நெக்ஸ்ட்கிளவுட் அவற்றுட் பெரியது. நாட்காட்டி, முகவரிப் புத்தகம், கூட்டாக எழுதும் வசதி என்று ஓர் அலுவலகத்துக்கு வேண்டிய அனைத்தும் அதில் உண்டு. மறுபுறத்தில் பைல்பிரௌசர் என்ற சிறிய திறமூல மென்பொருள் இருக்கிறது. கோ என்ற நிரல் மொழியில் எழுதப்பட்டது. ஒரே ஒரு கோப்பாக வந்து இறங்கி வேலையைத் தொடங்கிவிடும். பயனர் பெயர்களையும் அனுமதிகளையும் மட்டுமே அது தன் தரவுத்தளத்தில் எழுதி வைக்கும். உங்கள் கோப்புகளை அது விழுங்குவதில்லை. அவை வன்தட்டில் சாதாரணக் கோப்புறைகளில், நீங்கள் இட்ட பெயர்களுடன் அப்படியே கிடக்கும்.

ஆவணக் காப்புக்கு நான் இந்தச் சிறிய வகையைப் பரிந்துரைப்பதற்குக் காரணம் அதுவே. மென்பொருட்களின் ஆயுள் குறைவு. பைல்பிரௌசரை ஆக்கியவர்களே ஒரு கட்டத்தில், இனிப் புதிய வசதிகள் சேர்க்கப்படமாட்டா, பராமரிப்பு மட்டுமே நடக்கும் என்று அறிவித்தார்கள். அதனால் நமக்குப் பெரிய இழப்பில்லை. அது நாளை இல்லாமற் போனாலும் வன்தட்டைக் கழற்றி வேறொரு கணனியிற் பொருத்தினால் கோப்புகள் அதே பெயரில், அதே ஒழுங்கில் இருக்கும். அலுமாரிக் கதவு கழன்றாலும் உள்ளேயிருக்கும் புத்தகங்களுக்கு ஒன்றும் ஆகாது அல்லவா? கதவையும் புத்தகத்தையும் ஒன்றாக ஒட்டிவிடும் ஏற்பாடுகளையே நாம் தவிர்க்க வேண்டும்.

இதற்கு ஏன் இத்தனை சிரமம், கூகுளிடம் கொடுத்துவிட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். கிருலப்பனையிலுள்ள ஒரு வீட்டு மேசையைவிடக் கூகுளின் தரவு நிலையம் பல மடங்கு பாதுகாப்பானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பாதுகாப்பு யாருடைய விருப்பத்தில் தங்கியிருக்கிறது? 2000 களின் தொடக்கத்தில் இணையத்திற்கு வந்த தமிழர்களுக்கு ஜியோசிற்றீஸ் நினைவிருக்கும். இலவசமாகக் கிடைத்த அந்த இடத்தில் ஊர்களின் வரலாறுகளும் கோயில் பதிகங்களும் கவிதைத் தொகுப்புகளும் ஏற்றப்பட்டிருந்தன. யாஹூ நிறுவனம் 2009 ஒக்டோபர் 26 அன்று அதை மூடியது. மைஸ்பேஸ் தளத்தில் 2015 க்கு முன்னர் ஏற்றப்பட்ட பாடல்கள், ஐந்து கோடிக்கும் மேற்பட்டவை, வழங்கி மாற்றத்தின்போது அழிந்துபோனதாக 2019 இல் தெரியவந்தது. இரண்டு வருடங்களாகத் திறக்கப்படாத தனியார் கணக்குகளை நீக்கும் கொள்கையைக் கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைப்படுத்துகிறது. கணக்குக்கு உரியவர் இறந்து, கடவுச்சொல் அவரோடு போய், பிள்ளைகள் இழப்பிலிருந்து மீண்டு அதைத் தேடத் தொடங்கும்போது அந்த இரண்டு வருடங்கள் கடந்திருக்கக்கூடும்.

அரசாங்கங்களின் கதையும் இதுவே. 2023 ஓகஸ்ட் இறுதியில் இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணிமைத் தொகுதி, பணயம் கேட்டு முடக்கும் தீநிரலுக்கு இரையானது. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அந்த வருடம் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் மீளவில்லை. அந்தக் காலப்பகுதிக்கு வேறிடத்தில் பிரதி இருக்கவில்லை. தொழில்நுட்பத்தில் எங்களைவிடப் பல படி முன்னே நிற்கும் தென்கொரியாவில் 2025 செப்டெம்பர் 26 அன்று டேஜொன் நகரிலுள்ள அரச தரவு நிலையம் தீப்பிடித்தது. அரச ஊழியர்களின் கோப்புகளைச் சேமிக்கும் தொகுதி, 858 டெராபைட் அளவுடன், எரிந்து போனது. அளவு மிகப் பெரிது என்பதனால் அதற்கு வெளியிடத்துப் பிரதி வைக்கப்படவில்லை. இரண்டு நிகழ்வுகளிலும் இருந்த குறை ஒன்றே. பிரதி இருக்க வேண்டிய இன்னோர் இடம் இருக்கவில்லை.

ஆகவே மேகத்தை நம்பாமல் வீட்டை நம்பலாமா என்றால், எங்களுடைய வரலாறு அதற்கும் இடந்தரவில்லை.

யாழ்ப்பாணப் பொது நூலகம் ஒரு வீட்டிலேதான் தொடங்கியது. 1933 இல் கே. எம். செல்லப்பா தம் வீட்டிலிருந்து நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த வருடம் அது ஆஸ்பத்திரி வீதியில் ஓர் ஒற்றை அறைக்கு வந்தது. 1959 இல் அழகிய கட்டிடம் திறக்கப்பட்டது. 1981 மே 31 இரவு தொடங்கிய எரிப்பில் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகையின் அலுவலகமும் எரிந்தது. ஒரு வீட்டின் புத்தக அலுமாரி ஊரின் சொத்தாக வளர்வதற்கு எடுத்த காலம் அரை நூற்றாண்டு. அது அழிவதற்கு ஓர் இரவு போதுமாக இருந்தது.

இரண்டு வருடங்களின் பின், 1983 யூலையில், கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்தன. வெள்ளவத்தை வீடுகளோடு எரிந்த கையெழுத்துப் பிரதிகளுக்கும் புகைப்பட அல்பங்களுக்கும் நாட்குறிப்புகளுக்கும் பட்டியல் எதுவும் கிடையாது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு வெளியேறிய மக்கள், கைகளிலும் சைக்கிள்களிலும் கொண்டுபோகக் கூடியதை மட்டுமே கொண்டுபோனார்கள். இப்படிப்பட்ட அனுபவங்கள் உள்ள ஒரு சமூகம், தன் நினைவுகள் முழுவதையும் வரவேற்பறை மூலையிலுள்ள ஒரு கணனியில் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

கொழும்பின் அன்றாடமும் இந்தக் கணனிக்கு அவ்வளவு இசைவானதல்ல. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் மின்சாரம் நின்றபோது, பாணந்துறைத் துணைமின் நிலையத்துக்குள் புகுந்த குரங்கே காரணம் என்று அமைச்சர் சொன்னதை உலகப் பத்திரிகைகளெல்லாம் வெளியிட்டன. சிரித்து முடித்தபின் யோசிக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் மின்சாரம் திடீரென நின்றால் வன்தட்டிலுள்ள கோப்புகள் பழுதாகலாம். மடிக்கணனியை வழங்கியாக வைப்பதில் உள்ள நன்மை, அதற்குள் ஏற்கெனவே ஒரு மின்கலம் இருப்பது. ஆனால் வருடக்கணக்கில் மின்னேற்றத்திலேயே கிடக்கும் பழைய மின்கலம் வீங்கக்கூடும். மாதம் ஒருமுறையாவது பார்த்துக்கொள்ள வேண்டும். கடற்கரையை அண்டிய வெள்ளவத்தை வீடுகளில் உப்புக்காற்று உலோகத்தை அரிக்கும். கிருலப்பனைக் கால்வாய்க்கு அருகே தாழ்வான வீடுகளில் இருப்பவர்கள், 2010 நவம்பர் மழையில் நாடாளுமன்ற வளாகமே வெள்ளத்தில் நின்றதை மறக்காமல், கணனியை நிலத்தில் வைக்காது உயரத் தட்டில் வைக்க வேண்டும்.

தமிழில் வேலை செய்தவர்களுக்கு வேறொரு தொல்லையும் இருக்கிறது. யுனிகோட் பரவுவதற்கு முன்னர் இலங்கையில் நாங்கள் தட்டச்சு செய்தவற்றிற் பெரும்பகுதி பாமினி எழுத்துருவில் இருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கணனியில் அவை உரோம எழுத்துக்களின் குவியலாகவே தெரியும். கோப்பு மேலாளரில் தமிழிற் தேடினால் அகப்படாது. பக்கங்களைப் பேஜ்மேக்கரில் வடிவமைத்தவர்களின் நிலை இன்னும் மோசம். அடோபி நிறுவனம் அந்த மென்பொருளை 7 ஆம் பதிப்போடு நிறுத்திவிட்டது. எந்த உலாவியும் அந்தக் கோப்பைத் திறந்து காட்டாது. கோப்பு இருக்கிறது, வாசிக்க முடியவில்லை. கரையான் தின்ற ஏட்டுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. பழைய மென்பொருள் ஓடும் கணனி ஒன்று எங்கேனும் உயிரோடிருக்கும் போதே அவற்றைப் பிடிஎப் ஆக மாற்றிவிட வேண்டும். பாமினியை யுனிகோடாக மாற்றுவது எளிது. வலைப்பதிவுகளின் தொடக்க காலத்தில் எங்களிற் பலர் பயன்படுத்திய சுரதாவின் மாற்றியை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

கோப்புகளுக்குப் பெயரிடுவதிலும் கவனம் வேண்டும். லினக்ஸில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுகளைத் தாண்டக்கூடாது. யுனிகோட் முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட்டுகளை எடுத்துக்கொள்ளும். "கொழும்பு" என்ற சொல்லுக்கு 8 குறியீடுகள். ஆக 24 பைட்டுகள். கட்டுரைத் தலைப்பு முழுவதையும் கோப்பின் பெயராக வைக்கும் பத்திரிகைக்காரப் பழக்கம் இங்கே உதவாது. அது மட்டுமன்று. அப்பிள் கணனிகளின் பழைய கோப்பமைப்பு, "கொ" விலுள்ள கொம்பையும் காலையும் இரண்டு தனிக் குறியீடுகளாகப் பிரித்துச் சேமிக்கும். ஏனைய கணனிகளில் அவை பெரும்பாலும் ஒரே குறியீடாக இருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணனிக்கு வேறு வேறு. அதனால் "கொழும்பு" என்று தேடினால் கைக்கெதிரே கிடக்கும் கோப்பு கிடைக்காமற் போகலாம். ஒரே வடிவுக்கு மாற்றித்தரும் சிறு மென்பொருட்கள் லினக்ஸில் உண்டு. பெயரின் முன்னே வருடம், மாதம், திகதி ஆகியவற்றை இலக்கங்களில் எழுதி, பின்னால் இரண்டு மூன்று சொற்களை மட்டும் வைப்பது இன்னும் நல்லது. அப்படி வைத்தால் கோப்புகள் தாமாகவே கால ஒழுங்கில் நிற்கும்.

வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளும் பார்க்க வேண்டும் என்ற ஆசை அடுத்தாற்போல் வரும். இங்கேதான் நிதானம் வேண்டும். வீட்டு இணைய இணைப்புகள் பலவற்றுக்குத் தனியான பொது முகவரி கிடையாது. தொடர்மாடி ஒன்றின் எல்லா வீடுகளுக்கும் ஒரே இலக்கம் இருந்தால் தபாற்காரர் எந்தக் கதவைத் தட்டுவார்? அதே சிக்கல்தான். அதைச் சமாளிக்க றவுட்டரில் துளையிட்டுக் கோப்பு மேலாளரை உலகத்துக்கே திறந்துவிடுவது ஆபத்தானது. இந்த வகை மென்பொருட்களிற் பாதுகாப்புக் குறைகள் அவ்வப்போது கண்டுபிடிக்கப்படுகின்றன. உலாவியிலிருந்தே கணனிக்குக் கட்டளையிடும் வசதி இருந்தால் அதை அணைத்து வைக்க வேண்டும். வயர்காட் முறையிலோ அதன்மேல் கட்டப்பட்ட டெயில்ஸ்கேல் போன்ற சேவையிலோ, உங்கள் குடும்பத்தின் கருவிகள் மட்டும் தமக்குள் பேசிக்கொள்ளும் தனிவழியை அமைப்பதே உகந்தது. வயர்காட் 2020 இலிருந்து லினக்ஸின் கருவிலேயே சேர்ந்திருக்கிறது.

அனுமதிகளைப் பற்றியும் ஒரு சொல். பார்க்க, தரவிறக்க, ஏற்ற, பெயர் மாற்ற, அழிக்க என்று ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனியாக உரிமை கொடுக்கலாம். குடும்பத்தாருக்குப் பார்க்கவும் தரவிறக்கவும் உரிமை போதும். அழிக்கும் உரிமை ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். எளிமையான கோப்பு மேலாளர்கள் பலவற்றில் குப்பைத்தொட்டி கிடையாது, அழித்தது அழித்ததுதான்.

அதைவிட முக்கியம், அங்கே எதை வைக்கக்கூடாது என்பது. 2000 ஒக்டோபரில் நிமலராஜன் யாழ்ப்பாணத்தில் தம் வீட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது கொல்லப்பட்டார். 2005 ஏப்ரலில் சிவராம் பம்பலப்பிட்டியில் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் காலத்தில் எங்களோடு பேசியவர்கள், எங்களை நம்பிப் பேசினார்கள். பெயர் வெளியிடவேண்டாம் என்று சொன்னவருக்கு நாங்கள் கொடுத்த வாக்குக்குக் காலாவதித் திகதி கிடையாது. அவர்களின் பெயர்களும் தொலைபேசி இலக்கங்களும் உள்ள குறிப்புகள் வலையமைப்பில் இணைந்த எந்தக் கணனியிலும் இருக்கக்கூடாது. அவற்றை மறையீடு செய்து, இணைப்பில்லாத தனி வன்தட்டில் வைக்கலாம். தேவை முடிந்திருந்தால் அழித்தும் விடலாம். எல்லாவற்றையும் காப்பாற்றுவது என் கட்சியல்ல.

இனி இரண்டாவது பிரதிக்கு வருகிறேன். வீட்டு வழங்கியிலுள்ளவற்றை ஆர்சிங்க் போன்ற கருவியால் வாரம் ஒருமுறை இன்னொரு வன்தட்டுக்குப் படியெடுத்து, அந்த வன்தட்டை வேறு வீட்டில் வைக்க வேண்டும். இன்னொரு பிரதி கடல் கடந்து இருக்க வேண்டும். ஒரு பக்கம் அழித்தால் மறுபக்கமும் உடனே அழிந்துவிடும் ஒத்திசைவைப் பிரதி என்று எண்ணி ஏமாறக்கூடாது. பழைய நிலைகளையும் பேணும் பிரதியே பிரதி. பணம் படைத்த நிறுவனங்கள் இதற்காக வேறு நகரங்களில் கட்டிடம் வாங்குகின்றன. எங்களுக்கு அது தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் அக்கா, கொழும்பில் தம்பி, ரொறன்ரோவில் மகள், ஒஸ்லோவில் மச்சான் என்று எங்கள் குடும்பங்களை வரலாறு ஏற்கெனவே சிதறடித்துவிட்டது. விரும்பி ஏற்ற சிதறல் அல்ல அது. ஆனாலும் அந்த நான்கு வீடுகளிலும் ஒவ்வொரு வன்தட்டு இருந்தால், ஒரு வீட்டுக்கு நேரும் எந்தத் தீங்கும் எல்லாப் பிரதிகளையும் எட்டாது.

இது எங்களுக்குப் புதிய யோசனையுமல்ல. ஏட்டுச் சுவடி காலத்தில் படியெடுப்பதே காப்பாற்றும் வழியாக இருந்தது. படியெடுக்கப்படாத சுவடி செல்லரித்தது. பல வீடுகளிலும் மடங்களிலும் படிகள் இருந்த நூல் பிழைத்தது. சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையைப் பதிப்பிக்க முடிந்தது, வெவ்வேறு ஊர்களில் யார் யாரோ படியெடுத்து வைத்திருந்தபடியாலேதான்.

குடும்பத்துக்கு அப்பாற்பட்ட பெறுமதி உள்ளவற்றைப் பொது ஆவணகங்களுக்குக் கொடுக்க வேண்டும். 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களுக்குச் செய்ததை, 2005 இல் தொடங்கிய நூலகம் எங்களுடைய பத்திரிகைகளுக்கும் சிறுசஞ்சிகைகளுக்கும் பிரசுரங்களுக்கும் செய்துவருகிறது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஊழியராக இருந்து எழுதியவற்றின் பொருளாதார உரிமை, வேறு உடன்பாடு இல்லாவிடின், தொழில் வழங்குநருக்கு உரியது. எனவே நாம் எழுதியது என்பதற்காக எல்லாவற்றையும் நாமே வெளியிட்டுவிட முடியாது. ஆனால் சொந்தச் செவ்விகள், படங்கள், கடிதங்கள், ஊர்க் கூட்டங்களின் துண்டுப்பிரசுரங்கள் என்று கொடுக்கக்கூடியவை எங்கள் ஒவ்வொருவரிடமும் ஏராளமாக உண்டு.

கடைசியாக, கணனியோடு தொடர்பில்லாத ஒரு வேலை இருக்கிறது. ஒரு தாளில், தமிழில், கையெழுத்தில் எழுதுங்கள்: வழங்கி எங்கே இருக்கிறது, எப்படித் திறப்பது, கடவுச்சொல் என்ன, பிரதிகள் யார் யாரிடம், எது நூலகத்துக்குப் போகவேண்டும், எதை வாசிக்காமலே அழித்துவிட வேண்டும். அந்தத் தாளைக் காணி உறுதியோடும் பிறப்புச் சான்றிதழ்களோடும் வையுங்கள். எங்கள் தலைமுறை இன்னும் பத்து, இருபது வருடங்கள் இருக்கும். மென்பொருளை நிறுவ ஒரு பின்னேரம் போதும். வன்தட்டை ரொறன்ரோவுக்குக் கொண்டுபோக, விடுமுறைக்கு வந்து திரும்பும் ஓர் உறவினரின் பயணப்பை போதும். இரண்டையும் செய்யாமல் விட்டால், பிள்ளைகள் ஒருநாள் அந்த மடிக்கணனியைத் திறக்கத் தெரியாமல் பழைய இரும்புக்காரரிடம் கொடுப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு நியாயம் இருக்காது.